எத்தனை பிள்ளை என்று கேட்டால்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
புக்கிட் ரோத்தான்.
9.9.1984

கோலாலம்பூர் தோட்டப்புற நலவாழ்வு அறநிதியில் இருக்கும் சந்திரிகா அம்மாவுக்கு, வடிகால் காண் வெட்டும் சன்னாசி சொல்லி எழுதுவது.

எனக்கு எழுத்துத் தெரியாது. புக்கிட் ரோத்தானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் உதுமான் பாய் எழுதுகிறார். நான் சொல்வதை மாற்றாமல் எழுதுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் மாதம் நீங்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தீர்கள். பச்சைச் சேலை. கையில் அட்டையில் செருகிய தாள். மழை பிடித்துக்கொண்டதால் என் வீட்டில் ஒதுங்கினீர்கள். பெண்கள் எல்லாரும், “அந்தத் தாத்தாவக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று என்னைக் காட்டிவிட்டார்கள். “மூணு வருஷத்துல இந்த லயத்துல எத்தன கைக்குழந்தைங்க தவறியிருக்கு தாத்தா?” என்று கேட்டீர்கள். “ஒன்னும் இல்லம்மா, எல்லாம் நல்லா இருக்குதுங்க” என்றேன். தாளில் ஒரு வட்டம் போட்டீர்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் சைபர் தெரியும்.

அம்மா, நான் சொன்னது பொய்.

நீங்கள் கேட்டபோது என் மகள் கங்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு மாதம். அதற்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவள். பிள்ளைத்தாய்ச்சி காதுபட இறந்த பிள்ளைகளைப் பற்றி எங்கள் லயத்தில் பேச மாட்டோம். பேசினால் வயிற்றில் இருப்பதற்குக் கேட்டுவிடும் என்பார்கள். அதோடு இன்னொன்று. எத்தனை பிள்ளை என்று கேட்டால் இங்கே எந்தப் பெண்ணும் இருப்பதைத்தான் சொல்வாள். வேலம்மா உங்களிடம் இரண்டு என்று சொன்னாள். அவள் பெற்றது ஐந்து. அதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை.

போன மாதத்திலிருந்து உங்கள் மருந்து வேன் மண்ணுமேட்டுத் தோட்டத்துக்குப் போகிறது. எங்கள் முச்சந்தியைத் தாண்டித்தான் போகிறது. வேலையை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் சிரிக்கிறார். “ஒங்க லயத்துலதான் சாவே இல்லையாமே, குடுத்து வெச்ச ஆளுங்கப்பா” என்கிறார்.

கங்காவுக்கு ஆகஸ்டு பதினாலில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். நீங்கள் வந்து மறுபடியும் கேட்க வேண்டும்.

சன்னாசி


கோலாலம்பூர்
20.9.1984

மதிப்பிற்குரிய சன்னாசி ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தை பிறந்த செய்தி அறிந்து மகிழ்ச்சி.

எங்கள் அறநிதி நன்கொடையில் நடப்பது. இவ்வாண்டு மூன்று தோட்டங்களுக்கு மட்டுமே வேனும் அதில் ஒரு நர்ஸ் மிஸியும் அனுப்ப முடியும். குழந்தை இறப்பு அதிகமுள்ள தோட்டங்களுக்கு முதலிடம் என்பது கமிட்டியின் முடிவு. பூஜ்யம் என்று பதிவான இடத்தில் வேறு எண்ணை நானாகப் போட எனக்கு அதிகாரம் இல்லை.

டிசம்பரில் கமிட்டி மீண்டும் கூடும். அதற்குள் இறந்த குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி ஆகியவற்றைத் தோட்ட மருந்துக்கொட்டகை டிரஸரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் பரிசீலிக்கலாம்.

ஐயா, நான் உங்களிடம் நேராகத்தான் கேட்டேன். அன்றே சொல்லியிருந்தால் உங்கள் தோட்டம்தான் பட்டியலில் முதலில் வந்திருக்கும். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவும்.

சந்திரிகா
கள அதிகாரி


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
7.10.1984

சந்திரிகா அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. உதுமான் பாய் அந்த வரியைப் படிக்கத் தயங்கினார். படி என்றேன்.

டிரஸரிடம் போனேன். “பொறந்ததுக்கே பதிவு இல்ல பெரியவரே, செத்ததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? என் சோத்துல மண்ணப் போடாதிங்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே பிரசவம் லயத்திலேயே நடக்கும். பெயர் வைக்காமல் பிறப்புப் பத்திரமான சூராட் எடுக்க யாரும் போக மாட்டார்கள். முப்பதாம் நாள் சாமி கும்பிட்ட பிறகுதான் பெயர். முப்பதுக்கு முன்னால் போனதற்குப் பெயரும் இல்லை, சூராட்டும் இல்லை. மேளம் கிடையாது. தகப்பனும் நானும் விடியலில் கொண்டுபோவோம். என்னிடம் காண் வெட்டுகிற மண்வெட்டி இருக்கிறது என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரியும். நம்பர் போட்டு எழுதலாமா என்று பாய் கேட்டார். வேண்டாம், நான் சொல்கிறபடி எழுது என்றேன்.

எண்பத்தொன்றில் நோன்பு மாதம். பாய் கடை பகலில் சாத்தியிருந்தது. தாயம்மாவின் ஆண் குழந்தை, ஒன்பது நாள். அதே வாரத்தில் பக்கத்து வீட்டு லெட்சுமிக்குப் பெண், இருபது நாள். அந்த வருஷக் கடைசியில் வெள்ளம் வந்ததே, அப்போது வேலம்மாவின் இரட்டைப் பிள்ளைகள். காலையில் ஒன்று போனது. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, பால் டின்னால் இறைத்து இறைத்து வைத்தோம். மறுநாள் மாலை மற்றது. அதே குழியைத் திரும்பவும் திறந்தேன். அடுத்த மாசி மாதம் கங்காவின் தலைச்சன். பதினொரு நாள். அதற்கும் நான்தான் வெட்டினேன்.

முருகையாவின் பெண்சாதி வயிற்றோடு மருந்துத் தோம்பை முதுகில் தூக்கிப் புல்லுக்கு விஷம் அடித்தவள். அவள் பிள்ளை அரை நாள் மூச்சு விட்டது. நகமெல்லாம் நீலம். ஒரு மாதம் கழித்து மறுபடி லெட்சுமிக்கு ஒன்று. எண்பத்து மூன்றில் சீனப் பெருநாளுக்கு டிரஸர் லீவில் போயிருந்தார். தங்கமணியின் பையனுக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. இருபத்தெட்டு நாள். முப்பதுக்கு வெற்றிலை வாங்கி வைத்திருந்தார்கள், அதையே பிள்ளையோடு வைத்தார்கள். அதே வருஷம் கங்காவின் இரண்டாவது, பெண், ஆறு நாள்.

கடைசியாக இந்த ஏப்ரலில் தண்ணீர்த் தொட்டிக்குள் எலி செத்து மிதந்தது. காணிலிருந்து ஏற்றுகிற தண்ணீர், எப்போதும் தேத்தண்ணி நிறந்தான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே செவ்வாய்க்கிழமை இரண்டு. ஒன்று சின்னையா வீட்டில். மற்றது எங்கள் மண்டோரின் பேத்தி. மண்டோர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

பதினொன்று. நீங்கள் வருவதற்கு இரண்டே மாதத்துக்கு முன்னால் அந்தக் கடைசி இரண்டும். மண் இன்னும் ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

சன்னாசி


கோலாலம்பூர்
18.10.1984

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கமிட்டித் தலைவரிடம் மலாயில் சொல்லிக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். “ஒரு பெரியவரின் ஞாபகத்தை வைத்துத் தீர்மானம் போட முடியாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நன்கொடை கொடுப்பவர்கள் தாள் கேட்பார்கள்.

ஒரு வழி இருக்கிறது. பெற்றவர்களே ‘இப்படி ஒரு குழந்தை பிறந்தது, இறந்தது’ என்று கைநாட்டு வைத்துத் தந்தால் நான் வாதாடிப் பார்க்கிறேன். பூர்த்தி செய்ய வேண்டிய பதினொரு பாரம் இத்துடன் அனுப்புகிறேன். சாட்சியாக உதுமான் அவர்கள் கையெழுத்துப் போடலாம்.

நானும் தோட்டத்துக் குடும்பந்தான் ஐயா. அப்பா ராவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்த பிறகு லயத்தை விட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், “எனக்கு முந்தி எத்தன பிள்ளம்மா?” என்று கேட்டேன். “நீயும் ஒன் தம்பியுந்தானே, இது என்ன கேள்வி” என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று பகல் சாப்பிட வரவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் அந்த வீட்டில் மூத்தவள்.

சந்திரிகா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
11.11.1984

சந்திரிகா அம்மாவுக்கு,

பதினொரு பாரத்தில் நான்கில்தான் கைநாட்டு விழுந்திருக்கிறது.

தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்து வீடு வீடாகப் போனேன். அதற்குள் தோட்டத்து ஆபீஸ் கிராணி காதுக்குப் போய்விட்டது. “தொரைக்கு எதிரா கைநாட்டு வெக்கிறவங்க வேற தோட்டம் பாத்துக்கலாம்” என்று காலையில் பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னார். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தாயம்மா பயப்படவில்லை, அவளுக்குக் கோபம். “பேரு இல்லாததுக்கு எங்கேர்ந்து கைநாட்டு வெக்கிறது? பொதச்ச கையாலயே தோண்டுறியே பெரியப்பா, நல்லா இருக்குதா ஒனக்கு?” என்று வாரியலை எடுத்துவிட்டாள். திரும்பி வந்தேன்.

வேலம்மா மட்டும் இரட்டைக்கு இரண்டு பாரத்தில் வைத்துவிட்டு, “இன்னொன்னு எங்கே?” என்றாள். அது மூன்று வருஷத்துக்கு முந்தியது, கணக்கில் வராது என்றேன். “ஒங்க கணக்குல வராது. என் வயித்துல வந்திச்சில்ல” என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் அழுத்தினாள். அழிக்காமல் அனுப்புகிறேன். முருகையா வீட்டில் ஒன்று, சின்னையா வீட்டில் ஒன்று.

கங்காவின் இரண்டையும் நான் கேட்கவில்லை.

அவளுக்கு வேறு கவலை. பிள்ளைக்கு முப்பது கும்பிட்டு பவானி என்று பெயர் வைத்தோம். மருமகன் பாலகிருஷ்ணன் ராவாங்கில் வேலை, அவர் வந்து சூராட் எல்லாம் எடுத்துக் கொடுத்துப் போனார். எங்கள் வீட்டில் முப்பதைத் தாண்டிய முதல் பிள்ளை. இப்போது மழையில் காண் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது. நான்கு நாளாக அதற்கு வயிற்றாலே போகிறது. டிரஸர் வெள்ளை மருந்து கொடுத்தார். நிற்கவில்லை.

பாரமெல்லாம் பிறகு இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை உங்கள் வேன் எங்கள் முச்சந்தியில் ஐந்து நிமிஷம் நிற்குமா? கங்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். நீங்கள் சரி என்று எழுதினால் போதும். சொல்லாமல் போய் நின்று, வேன் நிற்காமல் போனால் அவள் தாங்க மாட்டாள்.

சன்னாசி


கோலாலம்பூர்
16.11.1984

ஐயா,

உங்கள் கடிதம் இன்று காலைதான் என் மேசைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன்.

முறைப்படி முடியாது. பட்டியலில் இல்லாத தோட்டத்தில் வேன் நிற்கக் கூடாது. ஆனாலும் மிஸியிடம் சொல்லிவிட்டேன். 20ஆம் தேதி செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு முச்சந்தியில் வேன் நிற்கும். கங்காவை வரச் சொல்லுங்கள்.

அதுவரை தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தட்டி அளந்து ஆறு சீனி, அரை உப்பு. கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் உள்ளே போனாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ செவ்வாய்க்குக் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

சந்திரிகா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
2.12.1984

சந்திரிகா அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமையே தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டது. தபால் முத்திரையைப் பார்த்துப் பாய் சொன்னார். லயத்து ஆட்களுக்கு வரும் கடிதங்களைக் கிராணி வெள்ளிக்கிழமைதான் கொடுப்பார். எப்போதும் அப்படித்தான், எனக்காகச் செய்ததில்லை. ஊரிலிருந்து என் தகப்பன் செத்த கடிதமும் வெள்ளிக்கிழமைதான் வந்தது. நானாவது இந்தக் கடை விலாசத்தைக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை வேன் அரை மணி நேரம் நின்றதாம். ரோட்டோரம் புல் வெட்டியவர்கள் அப்புறம் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மிஸி குடை பிடித்து இறங்கி எங்கள் லயத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாளாம். கங்கா அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து, “பதிலே வரலியே அப்பா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “வரும், வரும்” என்றேன்.

புதன்கிழமை கண் உள்ளே போய்விட்டது. லோரி கேட்டேன். டிரஸர் சீட்டு வேண்டும் என்றார்கள். டிரஸர் சாயங்காலம் வந்தார். வியாழக்கிழமை விடிந்துதான் லோரி கிளம்பியது. கோலசிலாங்கூர் பாலத்தில் ஏறும்போது கங்கா துணியை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். லோரிக்காரன், “ஓட்டவா, திருப்பவா?” என்று கேட்டான். “ஓட்டுங்க அண்ணே” என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தாள் கொடுத்தார்கள். மறுநாள் உங்கள் கடிதம் கைக்கு வந்தது. பாயிடம் கொண்டுவந்தேன். சீனி எத்தனை, உப்பு எத்தனை என்று படிக்கும்போது பாய் நிறுத்திவிட்டார்.

பவானிக்கு மேளம் வைத்தோம். பெயர் உள்ள பிள்ளை.

இப்போது நீங்கள் கேட்ட தாள் இருக்கிறது. பிறப்பு சூராட்டும் இருக்கிறது, இறப்பு சூராட்டும் இருக்கிறது. நான் கங்காவிடம் கேட்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவளே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “மத்த ரெண்டு பாரம் எங்க வெச்சிருக்கீங்க? எடுங்க” என்றாள். மை டப்பாவை நான் திறக்கவில்லை, அவளே திறந்தாள். “நீங்க அன்னிக்கு எனக்காகத்தான் இல்லன்னு சொன்னீங்க, தெரியும்ப்பா. எனக்குக் காது கேக்காமலா இருந்திச்சி. அந்த ரெண்டையும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் நெத்திலி ஆஞ்சேன்” என்றாள்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன். நான் அன்றைக்குச் சொன்ன பொய் அவளுக்கு ஒன்றையும் மறைக்கவில்லை. வேனைத்தான் மறித்தது.

சன்னாசி


கோலாலம்பூர்
14.12.1984

ஐயா,

நேற்று கமிட்டி கூடியது. ஜனவரி 8ஆம் தேதி முதல் மாதம் இரண்டு செவ்வாய் உங்கள் தோட்டத்துக்கு வேன் வரும். தொட்டிக்கு மருந்து போடவும் ஒப்புக்கொண்டார்கள்.

கைநாட்டு வைத்த பாரங்களை அவர்கள் ஏற்கவில்லை. பவானியின் சூராட்டை ஏற்றார்கள். ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் கங்காவை நானும் பார்த்தேன். வயிற்றோடு இருக்கிறாள் என்பதையும் பார்த்தேன். அவள் முன்னால் இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், நானும் லயத்தில் பிறந்தவள்தான். இன்னும் ஒன்பது வீடு பாக்கி, பஸ் போய்விடும். கேட்டுவிட்டேன். நீங்கள் இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, சீக்கிரம் முடிந்ததே என்று. அந்த வட்டத்தைப் போட்டது உங்கள் வாய் மட்டும் இல்லை.

சூராட்டுகளைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். உதுமான் அவர்களின் கடை விலாசத்துக்கு.

சந்திரிகா


ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
13.1.1985

சந்திரிகா அம்மாவுக்கு,

சூராட் வந்தது. கங்காவிடம் கொடுத்துவிட்டேன்.

வேனும் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். துரை வரவில்லை, கிராணி வந்து மிஸிக்கு நாற்காலி போட்டார். பெண்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். தராசில் போட்டு நிறுப்பதற்கு முன்னால் மிஸி ஒவ்வொருத்தியிடமும் எத்தனை பிள்ளை என்று கேட்டு எழுதினாள். தாயம்மா மூன்று என்றாள். தங்கமணி ஒன்று என்றாள். இருப்பதைத்தான் சொன்னார்கள்.

கங்கா வெறுங்கையோடு வரிசையில் நின்றாள். மண்டோர், “நீ எதுக்கும்மா நிக்கிறே, வெயில்ல? வீட்டுக்குப் போயேன்லா” என்றார். அவள் நகரவில்லை. மிஸி, “எத்தன பிள்ளம்மா?” என்றாள்.

“மூணு.”

“எங்க, கூட்டிட்டு வரலியா?”

“மூணும் செத்துப் போச்சி. மூணுன்னு எழுதுங்க.”

மிஸி எழுதாமல் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுதினாள். பின்னால் நின்ற வேலம்மா கேட்காமலேயே, “எனக்கு அஞ்சி” என்றாள். ஊசி போட்டுக்கொண்டு போன தாயம்மா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வரிசைக்கு முன்னால் திரும்பி வந்தாள். “மொத சொன்னத மாத்துங்க மிஸி. மூணு இல்ல, நாலு.” தங்கமணியும் மாற்றினாள். மண்டோரின் மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு என்றாள்.

பயந்து கைநாட்டு வைக்காதவர்கள் எல்லாரும் கிராணி காதுபடவே வாயால் சொன்னார்கள். யாரும் என்னைக் கேட்கச் சொல்லிக் கை காட்டவில்லை. நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று மனதுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்ததுதான். எல்லாம் சரியாக வந்தது.

லெட்சுமி முறை வந்தது. அவளுக்கு இருப்பது மூன்று. நான் கொண்டுபோனது இரண்டு. ஐந்து என்று சொல்வாள் என்று நின்றேன்.

ஆறு என்றாள்.

அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அது எந்த வருஷம், ஆணா பெண்ணா, யார் மண்வெட்டி, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த லயத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு குழி இருக்கிறது. தினமும் நான் நடக்கிற பாதையில்கூட இருக்கலாம். அவளிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினொன்று என்று உங்களுக்குச் சொன்னேன், அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அந்த எண்ணையும் அடித்துவிடுங்கள்.

சன்னாசி